தீக்குதிரை ஆண்டும் காலித் தொட்டிலும்

1966ஆம் ஆண்டு ஜப்பானில் சுமார் 13 லட்சத்து 60 ஆயிரம் குழந்தைகள் பிறந்தன. முந்தைய ஆண்டு பிறந்தவை 18 லட்சத்துக்கும் மேல். அடுத்த ஆண்டு 19 லட்சத்துக்கும் மேல். இடையில் அந்த ஓராண்டில் மட்டும் நான்கில் ஒரு தொட்டில் காலி. போரில்லை, பஞ்சமில்லை, கொள்ளைநோயில்லை. பொருளாதாரம் ஆண்டுக்கு ஆண்டு துள்ளி ஏறிக்கொண்டிருந்த காலம். காரணம் ஒரு குதிரை.

ஜப்பானின் பழைய பஞ்சாங்கமும் நம்முடையதைப் போல அறுபது ஆண்டுச் சுழற்சியில் ஓடுவது. அதில் ஒருமுறை வரும் ஆண்டுக்கு 'ஹினோயே உமா' என்று பெயர், தீக்குதிரை. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் முன்கோபக்காரியாக இருப்பாள், கணவனின் ஆயுளைக் குடித்துவிடுவாள் என்பது நம்பிக்கை. பதினேழாம் நூற்றாண்டில் எடோ நகரில், காதலனை மறுபடி பார்க்கும் ஆசையில் தீ வைத்து, அதற்குத் தண்டனையாக எரித்துக் கொல்லப்பட்ட ஓஷிச்சி என்ற காய்கறிக் கடைக்காரர் மகள் அப்படியொரு ஆண்டில் பிறந்தவள் என்று கதை சொல்வார்கள். புல்லட் ரயில் ஓடத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்த நாட்டில், லட்சக்கணக்கான தம்பதியர் இந்தக் கதைக்குப் பயந்து பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட்டார்கள். நாம் சிரிக்க வேண்டியதில்லை. 'பெண் மூலம் நிர்மூலம்' என்று சொல்லி எத்தனையோ பெண்களின் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிய ஊர் இது. 'சித்திரை அப்பன் தெருவிலே' என்ற பழமொழிக்குப் பயந்து, ஆடி மாதத்தில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவைக்கும் வழக்கம் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை.

விஷயம் குதிரையைப் பற்றியது மட்டுமாக இருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. அந்தத் தீக்குதிரை ஆண்டில் ஜப்பானின் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை, 1.58ஆக விழுந்தது. விதிவிலக்கான ஆண்டு, விட்டுத்தள்ளு என்று எல்லோரும் மறந்தார்கள். 1989ஆம் ஆண்டுக்கான கணக்கு வந்தபோது அந்த எண் 1.57. அந்த ஆண்டில் குதிரையும் இல்லை, நெருப்பும் இல்லை. ஒரு மூடநம்பிக்கை ஒரே ஆண்டில் செய்ததை, எந்தப் பயமும் இல்லாத சாதாரண வாழ்க்கை அமைதியாகச் செய்து முடித்திருந்தது. ஜப்பானியர்கள் அதை '1.57 அதிர்ச்சி' என்றே அழைக்கிறார்கள். அதன்பின் இடையில் சற்று ஏறினாலும் அந்த எண் மறுபடி 1.57ஐத் தொடவே இல்லை. 2024இல் எண் 1.15; பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் 6 லட்சத்து 86 ஆயிரம். குதிரைக்குப் பயந்த ஆண்டில் பிறந்ததில் பாதி.

2026 மறுபடியும் தீக்குதிரை ஆண்டு. நம் பஞ்சாங்கப்படி சித்திரையில் தொடங்குவது பராபவ ஆண்டு. 1966இலும் அதே பராபவதான். தோல்வி, அவமானம் என்று பொருள்படும் பெயர். இதில் சோதிடம் எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் 1966 என்ற ஆண்டில் எனக்கு ஒரு தனி ஆர்வம் உண்டு. ஏனென்றால் அதே ஆண்டில் இன்னும் இரண்டு நாடுகள், மக்கள் எத்தனை பிள்ளை பெற வேண்டும் என்பதில் அரசு கைவைக்கலாம் என்று நம்பி, நேர் எதிரான இரண்டு காரியங்களைச் செய்தன.

முதலாவது ருமேனியா. 1966 அக்டோபரில் நிகோலாய் சௌசெஸ்குவின் அரசு 770ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தது. 45 வயதைத் தாண்டாத, நான்கு குழந்தைகள் பெறாத பெண்களுக்குக் கருக்கலைப்பு தடைசெய்யப்பட்டது. கருத்தடைச் சாதனங்கள் கிடைப்பது அரிதானது. பிள்ளையில்லாதவர்களுக்குத் தனி வரி. 1966இல் 2 லட்சத்து 74 ஆயிரமாக இருந்த பிறப்புகள் 1967இல் 5 லட்சத்து 28 ஆயிரம் ஆயின. ஒரே ஆண்டில் ஏறத்தாழ இரட்டிப்பு! உலகில் எந்த அரசாணையும் இவ்வளவு விரைவாக, இவ்வளவு அப்பட்டமாக வேலை செய்ததில்லை என்றே சொல்லலாம். ஆனால் மக்கள் சுற்றுவழி கண்டுபிடித்தார்கள். பிறப்பு விகிதம் மெல்ல மெல்லச் சரிந்து, எண்பதுகளில் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. திரும்பி வராமல் போனவர்கள், இருட்டறைகளில் கருவைக் கலைக்க முயன்று இறந்த ஆயிரக்கணக்கான பெண்கள். அரசு அநாதை இல்லங்களில் விடப்பட்ட பிள்ளைகளின் படங்களை 1990இல் உலகம் பார்த்தது. அதற்கு முந்தைய டிசம்பரில் புக்கரெஸ்ட் தெருக்களில் சௌசெஸ்குவுக்கு எதிராகத் திரண்ட இளைஞர்களில் பலர் அந்த ஆணையால் பிறந்தவர்கள்தாம்.

இரண்டாவது நாடு நம்முடையது. 1966இல்தான் மத்திய சுகாதார அமைச்சகத்துக்குள் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்று தனித் துறை உருவானது. அதன் பிறகு வந்த சிவப்பு முக்கோணத்தையும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்ற சுவரெழுத்தையும் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, மக்கள்தொகை என்றாலே பெருக்கம்தான். பெருக்கத்துக்கு முன்னால் 'அபாயகரமான' என்ற அடைமொழி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பள்ளிக் கட்டுரைப் போட்டிகளில் இன்றும் அந்தத் தலைப்பு கொடுக்கப்படுகிறது. உலகம் அந்தத் தலைப்பைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது.

எவ்வளவு தூரம் என்பதற்குச் சில எண்கள். 1960களில் உலகப் பெண் ஒருத்தி சராசரியாக ஐந்து குழந்தைகள் பெற்றாள். இன்று அது 2.3க்கும் கீழ். மக்கள்தொகை கூடாமல் குறையாமல் நிலைக்க வேண்டுமானால் இந்த எண் ஏறத்தாழ 2.1 இருக்க வேண்டும்; தாய் தந்தைக்கு ஈடாக இருவர், சிறுவயதில் இறப்பவர்களையும் ஆண் குழந்தைகள் சற்றுக் கூடுதலாகப் பிறப்பதையும் ஈடுகட்ட அந்தப் புள்ளி ஒன்று. ஐ.நா.வின் 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 820 கோடியாக இருக்கும் உலக மக்கள்தொகை 2080களின் நடுவில் ஏறத்தாழ 1,030 கோடியைத் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்கும். இப்போதே எண் 2.1க்குக் கீழே போய்விட்ட நாடுகளிலும் தலைகளின் எண்ணிக்கை இன்னும் சில காலம் ஏறும். முந்தைய தலைமுறையில் பிறந்த ஏராளமான பெண்கள் இப்போது தாயாகும் வயதில் இருக்கிறார்கள் என்பதே காரணம். அடுப்பை அணைத்த பிறகும் பால் பொங்குவது போல. இந்த இடைவெளிதான் ஏமாற்றுவது. கூட்டம் நெரிகிறதே, யார் சொன்னது குறைகிறதென்று பஸ்ஸில் நின்றுகொண்டு கேட்கத் தோன்றும்.

எல்லா இடத்திலும் ஒரே வேகம் இல்லை. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் இளைஞர் கூட்டம் இன்னும் பெருகும். நைஜரில் மக்களில் பாதிப்பேர் பதினாறு வயதைக்கூட எட்டாதவர்கள். ஆனால் அங்கும் எண் கீழ்நோக்கித்தான் போகிறது.

மற்ற எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் நாடு தென் கொரியா. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1960இல் அங்கே ஒரு பெண்ணுக்கு ஆறு குழந்தைகள். ஆணோ பெண்ணோ, இரண்டோடு நிறுத்தி நன்றாக வளருங்கள் என்று எழுபதுகளில் அரசு சொன்னது. நம் சுவரெழுத்தின் கொரிய உடன்பிறப்பு. மக்கள் கேட்டார்கள். எண்பதுகளின் தொடக்கத்திலேயே எண் 2.1க்குக் கீழே வந்துவிட்டது. ஆனால் பிரசாரம் நிற்கவில்லை. வண்டி நின்ற பிறகும் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். 2023இல் எண் 0.72. தலைநகர் சியோலில் 0.55.

0.72 என்றால் என்ன? இன்றைய கொரியர்கள் நூறு பேரை எடுத்துக்கொள்வோம், பாதிப்பேர் பெண்கள். இதே விகிதம் நீடித்தால் அந்த நூறு பேருக்கு 36 குழந்தைகள். அந்த 36 பேருக்கு 13 பேரக்குழந்தைகள். நூறு, முப்பத்தாறு, பதின்மூன்று. போரிலும் பஞ்சத்திலும் நாடுகள் இப்படிச் சுருங்கியதுண்டு. சமாதான காலத்தில், கைநிறையச் சம்பளத்தோடு, உலகின் சிறந்த மருத்துவமனைகளை வைத்துக்கொண்டு ஒரு நாடு இப்படிச் சுருங்குவது வரலாற்றுக்குப் புதிது.

ஏன் என்று கேட்டால் கொரிய இளைஞர்கள் முதலில் சொல்வது வீடு. அங்கே 'ஜொன்சே' என்று ஒரு முறை உண்டு. நம் ஊர் ஒத்திக்கு வீடு பிடிப்பது போல, மாத வாடகை இல்லாமல் மொத்தமாகப் பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்து வைப்பது. அந்தத் தொகை சேரும்வரை கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லாமல் பிள்ளை பெறுவதை அந்தச் சமூகம் ஏற்பதில்லை. திருமணத்துக்கு வெளியே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான். பிரான்சில் அது பாதிக்கும் மேல். அடுத்தது படிப்பு. பள்ளி முடிந்ததும் 'ஹாக்வொன்' எனப்படும் தனிப்பயிற்சி நிலையங்களுக்குப் போய் இரவு பத்து மணிக்குத் திரும்பும் பிள்ளையை வளர்க்க எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் ஒன்றோடு நிறுத்துகிறார்கள், அல்லது தொடங்குவதே இல்லை. மூன்றாவது காரணத்தைப் பெண்கள்தாம் சொல்கிறார்கள். அவர்கள் படிப்பில் ஆண்களை முந்திவிட்டார்கள்; ஆனால் சம்பளத்தில் ஆண் நூறு வாங்கும் இடத்தில் பெண் வாங்குவது எழுபது. வளர்ந்த நாடுகளில் இதுவே மிகப்பெரிய இடைவெளி. குழந்தை பிறந்தால் வேலை போகும் அல்லது தேங்கும். வீட்டுக்குத் திரும்பினால் சமையலும் மாமியாரும் அப்படியே காத்திருப்பார்கள். அலுவலகம் இருபத்தோராம் நூற்றாண்டுக்கு வந்துவிட்டது, சமையலறை வரவில்லை. அந்தப் பெண்கள் செய்வது வேலைநிறுத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. கொடியும் கோஷமும் இல்லாத வேலைநிறுத்தம்.

அரசு பணத்தை அள்ளி வீசிப் பார்த்தது. பதினாறு ஆண்டுகளில் 20,000 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டதாக நாட்டின் அப்போதைய அதிபரே சொன்னார். ஒரு கட்டுமான நிறுவனம் தன் ஊழியர்களுக்குக் குழந்தை ஒன்றுக்குப் பத்து கோடி வோன், ஏறத்தாழ அறுபது லட்சம் ரூபாய், பரிசாகக் கொடுத்தது. 2024இல் எண் 0.75ஆக ஏறியபோது தொலைக்காட்சிகள் கொண்டாடின. தொற்றுக் காலத்தில் தள்ளிப்போன கல்யாணங்கள் நடந்ததும், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிறந்த சற்றே பெரிய தலைமுறை முப்பதைக் கடந்ததும் அந்த ஏற்றத்துக்குப் பெருங்காரணங்கள். இதற்கிடையே அங்கே ஒரு பெரிய இணைய அங்காடியில் குழந்தை வண்டிகளைவிட நாய் வண்டிகள் அதிகம் விற்றன.

சீனாவின் கதையை எல்லோரும் ஒரு குழந்தைச் சட்டத்தோடு தொடங்குவார்கள். அது தவறான தொடக்கம். அந்தச் சட்டம் வருவதற்கு முந்தைய பத்தாண்டிலேயே, எழுபதுகளில், 'தாமதமாக, இடைவெளி விட்டு, குறைவாக' என்ற பிரசாரத்தாலும் அழுத்தத்தாலும் எண் ஆறை ஒட்டிய நிலையிலிருந்து மூன்றுக்கும் கீழே வந்திருந்தது. சட்டம் சேர்த்தது பெரும்பாலும் வன்முறையைத்தான்: கட்டாயக் கருக்கலைப்பு, அபராதம், பெண் சிசுக்களின் அழிவு. 2016இல் இரண்டு பெறலாம் என்றார்கள், 2021இல் மூன்று பெறலாம் என்றார்கள். 2023இல் பிறந்தவை 90 லட்சம். ஏழு ஆண்டுகளுக்கு முன் இருந்ததில் ஏறத்தாழ பாதி. இப்போது மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆண்டுக்கு 3,600 யுவான் உதவித்தொகை தருகிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வரிவிலக்குப் பெற்றிருந்த ஆணுறைக்கும் கருத்தடை மாத்திரைக்கும் 2026 ஜனவரி முதல் 13 சதவீத வரி. ஒரு காலத்தில் வீடு புகுந்து கருவைக் கலைத்த அரசு இன்று ஆணுறைக்கு வரி போட்டுக் கருவை வேண்டுகிறது. பெண்ணின் உடல் தனக்குச் சொந்தமான நிலம், ஒரு பருவம் தரிசு போடலாம், அடுத்த பருவம் விதைக்கலாம் என்ற எண்ணம் மட்டும் மாறவே இல்லை.

அப்படியானால் ஆள் குறைவது நல்லதா, கெட்டதா? ஆள் குறைவதல்ல சிக்கல், குறையும் வேகம்தான் சிக்கல் என்பேன். 65 வயதைத் தாண்டியவர்களின் பங்கு 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக உயர பிரான்சுக்கு ஏறத்தாழ 115 ஆண்டுகள் பிடித்தன. நான்கு தலைமுறைக் காலம். ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, முதியோர் பராமரிப்பு எல்லாவற்றையும் சண்டை போட்டு, உடைத்து, மறுபடி கட்ட அவகாசம் இருந்தது. அப்படியும் 2023இல் ஓய்வு வயதை 62இலிருந்து 64ஆக்கியபோது பாரிஸ் தெருக்களில் குப்பை மலையாகக் குவிந்து எரிந்தது. ஜப்பானுக்கு அதே தூரத்தைக் கடக்க சுமார் 25 ஆண்டுகள். கொரியாவுக்கு 18. பதினெட்டு ஆண்டில் ஒரு பிள்ளை வளர்ந்து ஓட்டுப்போடும் வயதுக்கு வருகிறான். அதற்குள் அவன் நாடே கிழடாகிவிடுகிறது. உழைக்கும் காலமெல்லாம் பிள்ளைகளின் படிப்புக்கே கொட்டிக் கொடுத்த கொரியத் தலைமுறையில், 65 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் நான்கு பேர் வறுமையில் இருக்கிறார்கள். சியோலின் தெருக்களில் பழைய அட்டைப் பெட்டிகளைப் பொறுக்கித் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் பாட்டிகளைப் பார்க்கலாம்.

ஓய்வூதியத்தின் உள்கணக்கு எளிது. பெரும்பாலான நாடுகளில் ஓய்வூதியம் உங்கள் பெயரில் பெட்டியில் பூட்டி வைத்த பணம் அல்ல. இன்று வேலை செய்பவரின் சம்பளத்தில் பிடித்து இன்று ஓய்ந்தவருக்குக் கொடுப்பது. ஓய்ந்தவர் முன்பு தன் முந்தைய தலைமுறைக்குக் கொடுத்தார். சீட்டு நடத்தியவர்களுக்கு இது நன்றாகவே புரியும். புதிதாகச் சேருபவர் குறைந்துகொண்டே போனால் கடைசியில் எடுப்பவருக்கு என்ன மிஞ்சும்? எனவே வழிகள் மூன்றுதான். கட்டுகிறவர் அதிகம் கட்டுவது, வாங்குகிறவர் குறைத்து வாங்குவது, வேலை செய்யும் வயதை நீட்டுவது. சீனா 2025 ஜனவரியில் மூன்றாவதைத் தொடங்கியது: ஆண்களின் ஓய்வு வயது 60இலிருந்து படிப்படியாக 63. ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாகத் தொடாமல் வைத்திருந்த எண் அது.

நான்காவதாக ஒரு வழி இருக்கிறது என்கிறார்கள்: இயந்திரம். தொழிற்சாலை ரோபோக்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வேலை பறிபோகும் பயமாகவே நம் காதில் விழுகிறது. டேரன் அசெமோக்லு, பாஸ்குவல் ரெஸ்ட்ரெபோ என்ற இரு பொருளாதார அறிஞர்கள் நாடுகளின் தரவுகளை வைத்துக் காட்டியது வேறு: எங்கே நடுவயது உழைப்பாளிகள் வேகமாகக் குறைகிறார்களோ, அங்கேதான் ரோபோக்கள் வேகமாக வருகின்றன. 2023 கணக்குப்படி கொரியாவில் 10,000 தொழிலாளர்களுக்கு 1,012 ரோபோக்கள், உலகிலேயே அதிகம். 2023இல் உலகம் முழுக்க நிறுவப்பட்ட தொழிற்சாலை ரோபோக்களில் பாதிக்கு மேல் சீனாவில். காலியான நாற்காலியைத் தேடித்தான் இயந்திரம் முதலில் வந்து உட்காருகிறது.

காருக்குக் கதவு பொருத்த ரோபோ போதும். படுக்கையில் கிடக்கும் தாத்தாவைக் குளிப்பாட்ட? ஜப்பான் இதில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணமும் மூளையும் செலவிட்டிருக்கிறது. வருடினால் கண் மூடித் திறந்து குரல் கொடுக்கும் 'பாரோ' என்ற கடல்நாய்ப் பொம்மை மறதிநோய் முதியவர்களை அமைதிப்படுத்துகிறது. கொரிய உள்ளாட்சிகள் தனியே வாழும் பாட்டிகளுக்கு 'ஹ்யோடோல்' என்ற பேசும் பொம்மையைக் கொடுக்கின்றன. மாத்திரை போட்டுக்கொண்டீர்களா பாட்டி என்று அது கேட்கும். பாட்டிகள் அதற்கு உடை தைத்துப் போடுகிறார்களாம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் தூக்குவது, துடைப்பது, ஊட்டுவது என்ற அடிப்படை வேலைகள் இன்னும் மனிதக் கைகளிடமே இருக்கின்றன. ஜப்பானைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியது பொம்மைக்காக அல்ல. 2000ஆம் ஆண்டில் அவர்கள் தொடங்கிய நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டுக்காக. நாற்பது வயதானால் எல்லோரும் கட்டாயமாகச் சந்தா கட்ட வேண்டும். பாதிச் செலவு வரிப்பணம், பாதி இந்தச் சந்தா. படுத்துவிட்டவரைப் பார்த்துக்கொள்வது மருமகளின் தலையெழுத்து என்று இருந்த ஒரு சமூகம், அதைப் பொதுச் செலவாக மாற்றிக்கொண்டது. இருந்தும் கிராமங்கள் காலியாவதை அவர்களால் நிறுத்த முடியவில்லை. 2023 கணக்கெடுப்பில் ஜப்பானில் ஆளில்லாத வீடுகள் 90 லட்சம். ஷிகோகு தீவின் நகோரோ என்ற மலைக் கிராமத்தில், போனவர்களுக்குப் பதிலாக வைக்கோலும் துணியும் கொண்டு செய்த ஆளுயரப் பொம்மைகள் பஸ் நிறுத்தத்திலும் வயல் வரப்பிலும் மூடிய பள்ளிக்கூடத்தின் பெஞ்சுகளிலும் உட்கார்ந்திருக்கின்றன. ஊரில் மனிதர்களைவிடப் பொம்மைகளே பலமடங்கு அதிகம்.

இதெல்லாம் எங்கோ கிழக்கே நடக்கும் கதை என்று படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஓர் எண். பிறப்பு இறப்பைக் கணிக்க மத்திய அரசு நடத்தும் மாதிரிப் பதிவு முறையின் 2023 அறிக்கைப்படி இந்தியாவின் கருவள விகிதம் 1.9. பீகாரில் 2.8. தமிழ்நாட்டில் 1.3. ஜப்பானுக்கு மிக அருகில், பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் கீழே. தமிழ்நாட்டின் தனிநபர் வருமானமோ அவற்றில் எதற்கும் பக்கத்தில் இல்லை.

இங்கு எப்படி வந்தோம் என்பது நம் சொந்தக் கதை. பெரியார் 1930களிலேயே தன் 'குடி அரசு' இதழில் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். நாட்டில் ஆள் பெருகிவிட்டதே என்ற கவலையில் பேசியவர்கள் மத்தியில், பெண் விடுதலைக்காகப் பேசியவர் அவர். பெண் பிள்ளை பெறும் இயந்திரமாக இருக்கும்வரை அவளுக்குச் சுதந்திரம் இல்லை என்பது வாதம். இதற்கு முற்றிலும் வேறான ஒரு மனிதர் ஆர்.ஏ. கோபாலசாமி. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர். மூன்று பிள்ளைக்குப் பிறகும் பெறுவதை முன்யோசனையற்ற தாய்மை என்று அறிக்கையில் எழுதியவர். பின்னர் சென்னை மாகாணத்துக்குத் தலைமைச் செயலாளராக வந்தார். ஐம்பதுகளிலேயே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு முப்பது ரூபாய் ரொக்கம் கொடுத்த முதல் மாநிலம் நம்முடையது. ஒரே ஊரில் இரண்டு குரல்கள்: ஒன்று உரிமை என்றது, மற்றது எண்ணிக்கை என்றது. எந்தக் குரல் ஜெயித்தது என்று கேட்டால், நெருக்கடி நிலைக்குப் பிறகான கணக்கைப் பார்க்க வேண்டும். 1976-77இல் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அறுவை சிகிச்சை நடந்தது; பெரும்பாலோர் ஆண்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு ஆண்கள் பக்கம் போக எந்த அரசுக்கும் துணிவு வரவில்லை. இன்று தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இருந்தாலும் அறுவை சிகிச்சை முகாம்களை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமாகாது. சத்துணவு, பெண்கள் பள்ளிக்கூடம், ஊருக்கு ஊர் போகும் பஸ், பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கையைத் தந்த ஆரம்ப சுகாதார நிலையம் இவை இல்லாமல் எண் இவ்வளவு இறங்கியிருக்காது.

இறங்கியதற்கு இப்போது கணக்கு தீர்க்கும் நேரம். 2021இல் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம் என்றும், 2031இல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்றும் மத்திய அரசின் மதிப்பீடு சொல்கிறது. கேரளம் மட்டுமே நம்மைவிட முன்னால். ஆனால் நம் பேச்சு முழுக்க நாடாளுமன்றத் தொகுதிகளைப் பற்றியே இருக்கிறது. மக்கள்தொகையை வைத்துத் தொகுதி பிரித்தால், பிள்ளை குறைத்தவர்களுக்குத் தொகுதியும் குறையும் என்ற அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. 1962 தேர்தலில் 41ஆக இருந்த நம் தொகுதிகள் 1967இல் 39 ஆயின. அது நினைவில் உள்ள காயம். 1976இல் முடக்கப்பட்டு, 2001இல் மீண்டும் நீட்டிக்கப்பட்ட எண்ணிக்கை, 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரைக்கும்தான் என்று அரசியல் சட்டத்தின் 84ஆவது திருத்தம் சொல்கிறது. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அதிகம் பெறுங்கள் என்றார். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்ற வாழ்த்தை எடுத்துக்கொண்டு, பதினாறு பிள்ளை பெறலாமோ என்று ஒரு திருமண மேடையில் மு.க. ஸ்டாலின் கேட்டார். அந்தப் பதினாறு பிள்ளைகளைக் குறிப்பதல்ல, செல்வங்களைக் குறிப்பது என்று அவருக்கும் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும். மேடையிலிருந்து பெறச் சொல்வது சுலபம். இரண்டு பேறுகளோடு நின்றுவிடும் மகப்பேறு நிதியுதவியையும், மூன்றாவது குழந்தைக்கு விடுப்பு இல்லை என்று சொல்லப்பட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் 2025இல் உச்ச நீதிமன்றம் வரை போய் அந்த விடுப்பைப் பெற வேண்டியிருந்ததையும் மேடையில் யாரும் சொல்லவில்லை. ஒரு கை நிறுத்து என்கிறது, மறு கை வா என்கிறது.

தொகுதிகளைவிட அவசரமான கேள்வி எளிமையானது: எழுபது வயதில் தனியாக இருப்பவரை யார் பார்த்துக்கொள்வது? மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசல்வரை மாத்திரையைக் கொண்டுவருகிறது, நல்ல திட்டம். முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. இவற்றுக்கு மேல் இருப்பது பிள்ளைகள்தாம். அவர்கள் ஒருவரோ இருவரோ, பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ. இந்த மாநிலம் இதுவரை தன் பற்றாக்குறையை உணராமல் இருப்பதற்கு ஒரே காரணம், திருப்பூர் பின்னலாடைக் கூடத்திலும் சென்னையின் கட்டடங்களிலும் ஓட்டல் சமையலறைகளிலும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து வேலை செய்யும் லட்சக்கணக்கானோர். நம் பிள்ளைகள் பெறாத பிள்ளைகள் அவர்கள். அவர்களை 'வடக்கன்' என்று ஒருமையில் அழைத்துக்கொண்டே அவர்கள் கட்டிய வீட்டில் குடியிருக்கிறோம்.

இந்தச் சங்கிலி இங்கேயும் முடிவதில்லை. மக்களின் நடுவயது 45ஐத் தாண்டிவிட்ட ஜெர்மனி, திறன்மிக்க இந்தியர்களுக்கான விசாக்களை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் அறிவித்தது. அங்கே அதிகம் தேவைப்படுபவர்களில் செவிலியரும் அடக்கம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனமே செவிலியர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிவைக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போகும் ஒரு செவிலியர், அங்கே யாரோ ஒரு மூதாட்டிக்கு இரவு மாத்திரையை எடுத்துக் கொடுப்பார். ஊரில் அவருடைய அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க, மாதச் சம்பளத்துக்கு ஓர் ஆள் தேடுவார்கள். உள்ளூரில் கிடைக்காது. ஒடிசாவிலிருந்து யாராவது வரக்கூடும். ஒடிசாவின் கருவள விகிதமும் 1.8க்கு வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன.